பழைய காருக்கு என்ன விலை சொல்வது?



குழுவில் சேர்ந்த புதிதில் ஆடு வாங்கினோம், மாடு வாங்கினோம், தையல் மெஷின் வாங்கினோம். இன்று நம் உறுப்பினர்கள் பலர் வீட்டில் பழைய கார் ஒன்று நிற்கிறது. சிலர் தொழிலுக்காக வாங்கினார்கள். சிலர் குடும்பத் தேவைக்காக வாங்கினார்கள். வாங்கும்போது பத்துப் பேரிடம் விசாரித்தோம், மெக்கானிக்கைக் கூட்டிப் போய்க் காட்டினோம், குழுவில் தீர்மானம் போட்டுக் கடன் வாங்கினோம்.

ஆனால் அதே காரை விற்கும்போது என்ன செய்கிறோம்? "வந்த விலைக்குத் தள்ளிவிடு" என்கிறோம். இல்லாவிட்டால் "போட்ட காசு வராம கொடுக்க மாட்டேன்" என்று பிடிவாதமாக நிற்கிறோம். இரண்டிலும் நஷ்டம் நமக்குத்தான். ஆகவே இந்த மாதப் பாடம்: புரோக்கர் இல்லாமல் நாமே நேரடியாகப் பழைய காரை விற்கும்போது, நியாயமான விலையை எப்படி முடிவு செய்வது?

ஓர் அக்காவின் அனுபவம்

நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஓர் அக்கா, பெயர் போடாமல் எழுதச் சொல்லித் தன் அனுபவத்தை எங்களிடம் பகிர்ந்துகொண்டார். அவருடைய கணவர் ஜவுளி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்பவர். அதற்காக 2019இல், 2014ஆம் ஆண்டு பெட்ரோல் கார் ஒன்றை 3,10,000 ரூபாய்க்கு வாங்கினார்கள். ஆர்.சி. புத்தகம் அக்காவின் பெயரில். அதன் பிறகு கிளட்ச், சீட் கவர், பாட்டுப் பெட்டி, இரண்டு டயர் என்று 48,000 ரூபாய் செலவு செய்தார்கள்.

கணவருக்கு இடுப்பு வலி வந்து தொழில் நின்றுபோனது. 2025 ஆனி மாதம், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் காரை விற்க முடிவு செய்தார்கள். வாங்கிய விலையையும் செலவையும் கூட்டினால் 3,58,000. எனவே 3,60,000 ரூபாய் என்று விலை சொன்னார்கள்.

அதே மாதம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வந்து காரை ஓட்டிப் பார்த்து, 2,75,000 தருகிறேன் என்றார். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க காசுல 85,000த்தைக் குறைச்சுக் கேக்குறீங்களே, இது நியாயமா?" என்று அனுப்பிவிட்டார்.

ஆடி வந்தது. ஆடியில் புது வண்டி, பழைய வண்டி எதுவும் வாங்க மாட்டேன் என்பவர்கள் நம் ஊரில் அதிகம். ஒருவரும் வரவில்லை. ஆவணியில் இரண்டு பேர் போனில் விலை கேட்டார்கள். விலையைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார்கள். புளிய மரத்தடியில் நின்ற காரில் பேட்டரி போயிற்று. புரட்டாசியில் இன்சூரன்ஸ் முடிந்தது. கல்லூரிக் கட்டணம் காத்திருக்குமா? கம்மலை அடகு வைத்துக் கட்டினார்கள்.

இதற்கிடையே இன்னொன்றும் நடந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புது காரின் விலை இறங்கியது. புதுசு இறங்கினால் பழசும் இறங்கத்தானே செய்யும்? இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வாங்கலாமே என்று வாங்குபவர் யோசிப்பார் அல்லவா?

போட்ட காசு வேறு, விலை வேறு

ஐப்பசியில் அந்த அக்கா எங்களிடம் வந்தபோது முதலில் கேட்டது இதுதான்: "நாங்க போட்ட காசுக்கு மதிப்பே இல்லையா?"

நாங்கள் பதிலுக்கு ஒன்று கேட்டோம். "அக்கா, நீங்க சந்தையில ஆடு வித்திருக்கீங்க. வாங்க வந்தவர் ஆட்டைத் தூக்கிப் பாத்தாரா, இல்ல நீங்க எவ்வளவு தீவனம் போட்டீங்கன்னு கணக்குக் கேட்டாரா?"

அக்கா சிரித்துவிட்டார். "தூக்கித்தான் பாப்பாங்க. பல்லைப் பாப்பாங்க. தீவனக் கணக்கை யாரு கேக்குறா?"

காரும் அப்படித்தான். நாம் என்ன கொடுத்து வாங்கினோம், என்ன செலவு செய்தோம் என்பது நம் வீட்டுக் கணக்கு. இன்று இந்த வண்டி போலவே இருக்கும் இன்னொரு வண்டி நம் பகுதியில் என்ன விலைக்குக் கைமாறுகிறது என்பதுதான் வண்டியின் விலை. சீட் கவரும் பாட்டுப் பெட்டியும் நமக்குப் பிடித்துப் போட்டவை. வாங்குபவர் அதைக் கழற்றிப் போட்டாலும் போடுவார். புது டயருக்கும் நல்ல ஏ.சி.க்கும் கொஞ்சம் மதிப்பு உண்டு. ஆனால் செலவு செய்த முழுப் பணமும் திரும்பாது.

நம் கடன் பாக்கியும் விலை ஆகாது. "எனக்கு 3 லட்சம் கடன் இருக்கு, அதனால 3 லட்சம் வேணும்" என்றால் வாங்குபவர் அதற்கு என்ன செய்வார்?

விலையை எங்கே விசாரிப்பது?

மூன்று இடத்தில் விசாரிக்க வேண்டும். ஒரே இடத்தில் கேட்டு முடிவு செய்யக் கூடாது.

முதலாவது, விளம்பரம். செல்போனில் பழைய வண்டி விளம்பரங்கள் நிறைய வருகின்றன. வீட்டில் படிக்கிற பிள்ளைகளை உட்கார வைத்து, அதே கம்பெனி, அதே மாடல், அதே ஆண்டு, அதே பெட்ரோல் அல்லது டீசல் என்று ஆறு வண்டிகளையாவது நோட்டில் எழுதுங்கள். எத்தனையாவது ஓனர், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் எழுதுங்கள். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. விளம்பரத்தில் இருப்பது கேட்கிற விலை, விற்ற விலை அல்ல. நம் அக்கா மாதிரி 3,60,000 கேட்டு நாலு மாதமாக நிற்கும் வண்டியும் அந்த விளம்பரத்தில்தான் இருக்கும்!

இரண்டாவது, கன்சல்டிங். பழைய கார் வாங்கி விற்கும் இரண்டு கன்சல்டிங் கடைகளுக்காவது காரைக் கொண்டுபோய்க் காட்டி, "எவ்வளவுக்கு எடுப்பீங்க?" என்று கேளுங்கள். அவர்கள் அதைச் சரிசெய்து, லாபம் வைத்து விற்க வேண்டும். ஆகவே குறைத்துத்தான் சொல்வார்கள். அதற்காக வருத்தப்பட வேண்டாம். அந்த விலைதான் நமக்குத் தரைமட்டம். அதற்குக் கீழே நேரடியாக விற்க வேண்டிய அவசியமே இல்லை.

மூன்றாவது, மெக்கானிக். நம் பகுதியில் சமீபத்தில் எந்த வண்டி என்ன விலைக்குக் கைமாறியது என்பது மெக்கானிக்குக்கும் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவருக்கும் தெரியும். உண்மையில் விற்ற விலை கிடைப்பது இவர்களிடம்தான்.

இன்சூரன்ஸ் பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை போட்டிருக்கும். சிலர் அதையே விலையாக நினைக்கிறார்கள். இன்சூரன்ஸ் கணக்கில் வண்டி 1 வருடம் தாண்டினால் 20 சதவீதம், 2 வருடம் தாண்டினால் 30, 3 தாண்டினால் 40, 4 தாண்டி 5 வருடம் வரை 50 சதவீதம் என்று மதிப்பைக் கழிக்கிறார்கள். 5 வருடத்துக்கு மேல் கம்பெனியும் நாமும் பேசி வைப்பதுதான் தொகை. ஆகவே பழைய வண்டிக்கு அது சந்தை விலை ஆகாது. அது போலவே, கிளைம் வாங்காததற்குக் கிடைக்கும் போனஸ் தள்ளுபடி நமக்கு உரியது, வண்டிக்கு உரியது அல்ல. அதைக் காட்டி விலையை ஏற்ற முடியாது.

ஏற்றமும் இறக்கமும்

ஒரே ஆண்டு, ஒரே மாடல் வண்டிகள் இரண்டுக்கு விலை ஏன் வேறுபடுகிறது? வாங்குபவர் பார்ப்பவை இவை:

- எத்தனையாவது ஓனர் என்பது. ஆர்.சி.யிலேயே இது தெரியும். பொய் சொன்னால் அங்கேயே பேரம் முறியும்.
- ஓடிய கிலோமீட்டர். மீட்டரைத் திருப்பி வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது மோசடி. சர்வீஸ் பில்லைப் பார்த்தால் மாட்டிக்கொள்வோம்.
- டயர், பேட்டரி, கிளட்ச், ஏ.சி. ஆகியவற்றின் நிலை.
- அடிபட்டு டிங்கரிங், பெயிண்டிங் செய்த அடையாளம்.
- இன்சூரன்ஸும் புகைச் சான்றும் நடப்பில் இருக்கிறதா என்பது.
- ஆர்.சி. காலம் எவ்வளவு மீதி என்பது. சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருடம். அதன்பின் எஃப்.சி. காட்டி 5 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 15 வருடம் முடிந்த காருக்கு இந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியது. இதற்கு மேல் பசுமை வரியும், எஃப்.சி.க்கு வண்டியைத் தயார் செய்யும் செலவும் இருக்கின்றன. பதிவு முடிய ஒரு வருடமே இருக்கிற வண்டிக்கு வாங்குபவர் இதையெல்லாம் கழித்துத்தான் கேட்பார்.

விற்பதற்கு முன் என்ன ரிப்பேர் செய்யலாம்? சின்ன வேலைகளைச் செய்துவிடுங்கள். உள்ளும் வெளியும் நன்றாகக் கழுவுவது, எரியாத பல்பு, தேய்ந்த வைப்பர், பஞ்சரான ஸ்டெப்னி, புகைச் சான்று ஆகியவற்றுக்குச் செலவு கொஞ்சம், பலன் அதிகம். ஆனால் விற்பதற்காக முழு பெயிண்டிங், இன்ஜின் வேலை என்று கடன் வாங்கிச் செய்யாதீர்கள். போட்டது திரும்பாது. அந்தக் குறையை வெளிப்படையாகச் சொல்லி விலையில் கழித்துக்கொள்வது நல்லது.

அக்காவின் கணக்கு

நாங்களும் அக்காவும் குழுவின் ஊக்குநரும் உட்கார்ந்து நோட்டில் போட்ட கணக்கு இது. இது ஒரு வண்டிக்கான கணக்கு மட்டுமே. உங்கள் வண்டிக்குத் தொகை மாறும், முறை மாறாது.

விளம்பரத்தில் கிடைத்த ஆறு விலைகள்: 3,25,000; 2,95,000; 2,90,000; 2,80,000; 2,75,000; 2,70,000. இதில் 3,25,000 ரூபாய் வண்டி ஒரே ஓனர், மிகவும் குறைவாக ஓடியது. நம் வண்டி போன்றது அல்ல என்று அதை அடித்துவிட்டோம். கன்சல்டிங்கில் கேட்ட விலைகள் 2,10,000, 2,15,000. மெக்கானிக் சொன்ன, உண்மையில் கைமாறிய விலைகள் 2,60,000, 2,55,000. இதில் நல்ல நிலையில் இருந்த வண்டிக்குக் கிடைத்த 2,60,000 ரூபாயை அடிப்படையாக வைத்தோம்.

கழிக்க வேண்டியது: தேய்ந்த டயர் இரண்டுக்கு 7,000. முடிந்துபோன இன்சூரன்ஸுக்கு 6,000. முன் பம்பர் நசுங்கலுக்கு 3,000. மொத்தம் 16,000. மீதி 2,44,000.

கூட்ட வேண்டியது: ஏ.சி. நன்றாக இருக்கிறது, சர்வீஸ் பில் எல்லாம் கையில் இருக்கிறது. அதற்காக 5,000. ஆக 2,49,000.

இதுதான் எதிர்பார்க்கக்கூடிய விலை. இதிலிருந்து மூன்று விலைகளை நோட்டில் எழுதினோம்.

கேட்கும் விலை: 2,65,000
எதிர்பார்க்கும் விலை: 2,49,000
இதற்குக் கீழே இறங்காத கடைசி விலை: 2,40,000

பேரம் பேசாமல் வாங்கும் பழக்கம் நம் ஊரில் இல்லை. ஆகவே கேட்கும் விலையில் கொஞ்சம் இடம் விட வேண்டும். அந்த இடம் சிறியதாக இருக்கட்டும். ஒரு லட்சத்தை ஏற்றிச் சொன்னால் பேரம் பேசவே ஆள் வராது. கடைசி விலையை வீட்டில் எல்லோரும் பேசி முன்பே முடிவு செய்ய வேண்டும். வாங்குபவர் முன்னால் கணவர் ஒன்று, மனைவி ஒன்று சொல்லக் கூடாது. கடைசி விலை எவ்வளவு என்பது புரோக்கருக்கும் பக்கத்து வீட்டுக்கும் தெரிய வேண்டியதில்லை.

பதினோராம் நாள் 2,46,000 ரூபாய்க்கு வண்டி விற்றது. அக்காவே பேசினார். "டயரு ரெண்டு மாத்தணும், பம்பரு நசுங்கியிருக்கு. அதைக் கழிச்சுத்தான் விலை சொல்லியிருக்கேன். நோட்டைப் பாருங்க" என்று கணக்கைக் காட்டினார். வந்தவர் அதற்கு மேல் அதிகம் பேசவில்லை.

ஆனால் மகிழ்ச்சியோடு இதையும் சொல்ல வேண்டும். ஆனியில் 2,75,000 கிடைத்திருக்கும். நாலு மாதம் காத்திருந்ததில் விலையில் 29,000 போயிற்று. 80,000 ரூபாய் உள்கடன் பாக்கிக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, மாதம் 800 வீதம் 3,200. புது பேட்டரி 4,500. ஆக 36,700 ரூபாய் நஷ்டம். கம்மல் அடகு வட்டி இதில் சேரவில்லை. "85,000 குறையுதேன்னு பாத்தேன். நிக்கிற வண்டி திங்கிற காசைப் பாக்கல" என்றார் அந்த அக்கா. இந்தப் பாடத்தை எழுதச் சொன்னதும் அவர்தான்.

விலை சரியா என்று எப்படித் தெரியும்?

விலை சொன்ன முதல் இரண்டு வாரத்தைக் கவனியுங்கள்.

ஒரு போன் கூட வரவில்லையா? விலை அதிகம். மாதக் கணக்கில் காத்திருக்காமல் உடனே குறையுங்கள்.

போன் வருகிறது, வந்து பார்க்கிறார்கள், பேசாமல் போகிறார்களா? நாம் சொன்னதும் வண்டியின் நிலையும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். என்ன குறை என்று அவர்களிடமே கேளுங்கள்.

முதல் நாளே பத்துப் பேர் போட்டி போடுகிறார்களா? விலையைக் குறைத்துச் சொல்லிவிட்டோம். அட்வான்ஸ் வாங்க அவசரப்படாமல், வண்டியைப் பார்க்கும் எல்லோரிடமும் பேசுங்கள்.

"இன்னும் ரெண்டு பேர் கேட்டாங்க" என்று இல்லாத ஆளைச் சொல்லி விலை ஏற்ற வேண்டாம். அதே போல, வாங்குபவர் "இப்பவே காசு தர்றேன், இப்பவே சொல்லுங்க" என்று அவசரப்படுத்தினால், "வீட்டுல கலந்துக்கிட்டு நாளைக்குச் சொல்றேங்க" என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.

காகிதம் சரியாக இருந்தால்தான் விலை

வண்டி நன்றாக இருந்தும் காகிதம் சரியில்லாமல் விலை குறைவது உண்டு. கடனில் வாங்கிய வண்டி என்றால், கடனை முடித்து, தடையில்லாச் சான்றும் படிவம் 35ம் வாங்கி, ஆர்.சி.யில் இருக்கும் ஹெச்.பி.யை ரத்து செய்துவிடுங்கள். எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டாலே இன்சூரன்ஸ், எஃப்.சி. விவரங்கள் வாங்குபவருக்குத் தெரிந்துவிடும். மறைத்துப் பயனில்லை. கணவர் இறந்து, வண்டி அவர் பெயரிலேயே இருந்தால், படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றிய பிறகு விலை பேசுங்கள். அவசரத்தில் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

விற்ற பின் படிவம் 29, 30 கொடுத்து ஆர்.சி.யைப் பெயர் மாற்ற வேண்டும். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். "அவரே மாத்திக்குவார்" என்று விடாதீர்கள். கார் பல கை மாறிப் போயிருந்தாலும், விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. வண்டி வாங்கும்போது வீட்டில் நம் பெயரில்தான் எழுதுகிறார்கள். விற்ற பிறகும் நம் பெயரே இருந்தால் வழக்கும் நம் பெயரில்தான் வரும். ஐந்தாயிரம் கூடக் கிடைக்கிறது என்று பெயர் மாற்றத் தயங்குபவருக்குக் கொடுப்பதை விட, கொஞ்சம் குறைத்துக் கொடுத்தாலும் உடனே பெயர் மாற்றுபவருக்குக் கொடுப்பதே லாபம். மாற்றும் செலவு யாருடையது என்பதையும் விலை பேசும்போதே முடிவு செய்யுங்கள்.

பணம் 2 லட்சமோ அதற்கு மேலோ என்றால் ரொக்கமாக வாங்கக் கூடாது. 2017 ஏப்ரலில் இருந்து இது சட்டம். வங்கிக் கணக்கில் வாங்குங்கள். ஆர்.சி. உங்கள் பெயரில் என்றால் பணமும் உங்கள் கணக்கிலேயே வரட்டும். பணம் ஏறியதை வங்கியில் உறுதி செய்துகொண்டு சாவியைக் கொடுங்கள். சொந்த உபயோகக் காரைத் தனி ஆள் இன்னொரு தனி ஆளுக்கு விற்றால் ஜி.எஸ்.டி. கிடையாது. அதைச் சொல்லி யாராவது விலையைக் குறைத்தால் ஏமாறாதீர்கள்.

குழுக் கூட்டத்தில் பேசிப் பார்க்க

1. நம் குழுவில் யார் வீட்டிலாவது உபயோகமில்லாமல் வண்டி நிற்கிறதா? அது மாதம் எவ்வளவு காசைத் தின்கிறது? கணக்குப் போட்டுப் பாருங்கள்.
2. போட்ட காசு வர வேண்டும் என்று காத்திருந்து நஷ்டப்பட்ட அனுபவம் யாருக்காவது உண்டா? அது மாடாக இருந்தாலும் சரி, மெஷினாக இருந்தாலும் சரி.
3. வண்டியின் ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது? விலை பேசும்போது அவர் பக்கத்தில் இருக்கிறாரா?
4. முன்பு விற்ற வண்டி இன்னும் நம் பெயரிலேயே இருக்கிறதா? இருந்தால் இந்த வாரமே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இந்தப் பாடத்தைப் படிக்கத் தெரிந்தவர் கூட்டத்தில் சத்தமாக வாசித்துக் காட்டவும். யாராவது வண்டி விற்கும் எண்ணத்தில் இருந்தால், விலை சொல்வதற்கு முன் ஒரு நோட்டோடு கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போடலாம். மூன்று விலைகளை எழுதிய பிறகு, பேச வேண்டியவர் நீங்கள்தான்.